அஜந்தாவின் நீலமும் நம் சிலையின் நீலமும்

ஏப்ரல் 14 நெருங்கினால் என் வாட்ஸ்அப் முழுக்க நீலமாகிவிடும். இந்த ஆண்டு அதில் ஒரு படம் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பாதியில் அஜந்தா முதல் குகையின் பத்மபாணி. மறு பாதியில் கோட் போட்ட அண்ணல். கீழே பெரிய எழுத்தில், "2000 ஆண்டுகளாக நம் நிறம் நீலம்." நானும் ஒரு ஜெய்பீம் சேர்த்து நான்கு குழுக்களுக்கு அனுப்பிவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்த ஒரு தங்கை, பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவள், அந்தப் படத்தை என்னிடம் காட்டிக் கேட்டாள். "அக்கா, இந்த நீலம் எதுல செஞ்சது? கல்லா, செடியா? அந்தக் காலத்துல குகைக்குள்ள இருந்தவங்களுக்கு இது எங்க கிடைச்சுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சமூகவியலில் முதுகலை படித்தவள் நான். சாதி பற்றி மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பேசச் சொன்னாலும் பேசுவேன். ஆனால் பத்தாம் வகுப்போடு அறிவியலுக்குக் கும்பிடு போட்டவள். "பார்த்துச் சொல்றேன்மா" என்று சமாளித்தேன். பிறகு இரண்டு மாதம் கிடைத்த நேரத்தில் எல்லாம் இதைத்தான் படித்தேன். படிக்கப் படிக்க, நான் ஃபார்வர்டு செய்த அந்த வரி கையில் நிற்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று கிடைத்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன்.

முதலில் அஜந்தா. அங்கே சுவரில் இருக்கும் நிறங்களில் பெரும்பாலானவை அந்த மண்ணிலேயே கிடைத்தவை. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிமண். வெள்ளைக்குச் சுண்ணாம்பும் வெண்களிமண்ணும். கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. பச்சைக்கு அந்தப் பாறைப் பகுதியிலேயே கிடைக்கும் பச்சைமண். சுவரில் பூசிய பூச்சும் நாம் அறிந்ததுதான்: மண், உமி, செடி நார். நம் பாட்டிகள் குடிசைச் சுவருக்குக் குழைத்ததிலிருந்து அதிகத் தூரமில்லை.

நீலம் மட்டும் அந்த மலையில் கிடையாது. அது லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்து எடுத்தது. மோதிரத்தில் வைக்கும் நவரத்தின நீலக்கல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஒளி ஊடுருவாத, வெள்ளைக் கோடும் பொன்னிறப் புள்ளியும் ஓடும் கல். பழங்காலத்தில் நம் பக்கத்துக்கு இது வந்த ஊற்று இன்றைய ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில், பதக்‌ஷான் மலைகளில் இருக்கும் சார்-இ-சங் சுரங்கம். அஜந்தாவிலிருந்து நேர்கோடு போட்டாலே 1,700 கிலோமீட்டருக்கு மேல். மலையும் பாலைவனமும் கடந்து நடந்தால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அஜந்தாவின் ஓவியங்கள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல என்பதும் முக்கியம். 9, 10 எண் குகைகளின் பழைய ஓவியங்கள் பொது ஆண்டுக்கு முன்பு தொடங்கிய கட்டத்தைச் சேர்ந்தவை. அந்தப் பழைய அடுக்கில் இந்த நீலம் இல்லை. 1, 2, 16, 17 எண் குகைகளில், அதாவது வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்தை ஒட்டி 5ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியங்களில்தான் அது வருகிறது. பத்மபாணியும் அந்தக் கூட்டத்தில்தான். ஆக, "2000 ஆண்டு" என்ற கணக்கு முதல் அடியிலேயே தட்டுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு அதே குகைகளில் இருந்த பௌத்தர்கள் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையும் கறுப்பும் வைத்தே புத்தரின் கதையைச் சொல்லிமுடித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தங்கையின் உண்மையான கேள்வி இதுதான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகள் திருத்துங்கள்.

பழைய ஓவியங்களில் நீலம் என்று கண்ணுக்குத் தெரிவது வெவ்வேறு பொருளாக இருக்கலாம். லாபிஸ் ஒன்று. செம்புத் தாதான அசுரைட் ஒன்று. அவுரிச் செடியிலிருந்து எடுத்த சாயம் ஒன்று. பிற்காலத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த பிரஷ்யன் நீலம், அதன் பிறகு ஆலைகளில் செய்த நீலங்கள். சுவரைத் தொடாமலே எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பார்க்கும் கருவி இருக்கிறது. செம்பின் அடையாளம் தெரிந்தால் அசுரைட்டாக இருக்கலாம். இரும்பு தெரிந்தால் பிரஷ்யன் நீலத்தைச் சந்தேகிக்கலாம். லாபிஸ் இந்தக் கருவிக்கு லேசில் பிடிபடாது. அதில் இருப்பது சோடியம், அலுமினியம், சிலிக்கன், கந்தகம் போன்ற இலேசான தனிமங்கள். அவை வெளிவிடும் எக்ஸ்-கதிர் வலுவற்றது, நடுவில் இருக்கும் காற்றே அதை விழுங்கிவிடும். சுவர் நீலமாகவே இருக்கிறது, ஆனால் கருவியில் செம்பும் இல்லை, கோபால்ட்டும் இல்லை என்றால் ஆய்வாளர் லாபிஸைச் சந்தேகிக்கத் தொடங்குவார்.

சந்தேகத்தை உறுதியாக்குவது ராமன் நிறமாலை. லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் என்ன மாற்றம் என்று பார்ப்பது. லாபிஸில் 548 என்ற அலை எண்ணை ஒட்டி ஒரு கூர்மையான முகடு எழும். அது மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த ஓர் அயனியின் கையெழுத்து. இந்தக் கல்லின் நீலத்துக்குக் காரணம் உலோகமே இல்லை. அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் சேர்ந்த கூண்டு ஒன்றுக்குள் அந்தக் கந்தக அயனி அடைபட்டுக் கிடக்கிறது. அதுதான் மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் வெளியே அனுப்புகிறது. கூண்டு இருக்கும்வரை நிறம் இருக்கும். (ஒவ்வோர் ஆண்டும் அறிவியல் நாளில் நம் பிள்ளைகள் ராமன் விளைவைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்குகிறார்கள். அந்தக் கருவியைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் வட்டத்தில் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை.)

கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்பதைத் தங்கை காட்டினாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலப்போமே அந்த நீலப்பொடி, அதைத் தன் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், சிட்டிகை அளவில் நீர்த்த அமிலம் விட்டிருக்கிறாள். நீலம் வெளுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்திருக்கிறது. கந்தகம் வெளியேறிய நாற்றம். காணொளியை எனக்கு அனுப்பி, "கூண்டைத் திறந்தா நாறுது அக்கா" என்று எழுதியிருந்தாள். கூண்டு என்ற சொல்லைக் கேட்டால் நம் ஊர்களில் இரும்புக் கம்பிக்குள் நிற்கும் சிலைகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே சுவர் நம் கண்ணை ஏமாற்றவும் செய்யும். 1920களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்து அஜந்தா ஓவியங்களைப் பாதுகாக்கச் சொன்னது. அவர்கள் மேலே அரக்கு வார்னிஷ் பூசினார்கள். அது காலப்போக்கில் மஞ்சளாகிப் பழுப்பேறியது. நீலத்தின்மேல் மஞ்சள் படிந்தால் பச்சை கலந்து தெரியும். அதன் மேல் கேமரா, அதன் மேல் மொபைல் திரை, அதன் மேல் போஸ்டர் செய்த தம்பியின் ஃபில்டர். இத்தனையும் தாண்டி வந்த நிறத்தை நம் கொடித் துணியோடு பொருத்திப் பார்த்தோம்.

இந்த ஆய்வு வரலாற்றில் ஒரு தமிழர் பெயர் வருகிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களில் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எஸ். பரமசிவன். அஜந்தா, எல்லோரா, சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் என்று சுவரோவியங்களின் பூச்சையும் நிறமியையும் எடுத்து ஆராய்ந்தவர். இன்றைய கருவிகள் எதுவும் இல்லாத காலம். நுண்ணோக்கியும் அமிலமும் பொறுமையும்தான். நான் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பத்துமுறையாவது போயிருப்பேன், அமராவதிச் சிற்பங்களைப் பார்க்க. அந்த வளாகத்தில் இப்படியொரு வேலை நடந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சரி, கல் எப்படி வந்தது? 1838இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை அதிகாரி ஜான் வுட் பதக்‌ஷான் சுரங்கத்துக்குள் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். பாறைக்கு அடியில் புதர்ச் செடிகளைக் குவித்துத் தீ வைப்பார்கள். பாறை சூடேறி இளகியதும் சம்மட்டியால் தட்டி உதிர்ப்பார்கள். தண்ணீரை வீசியும் வெடிக்க வைப்பார்கள். சாளரம் இல்லாத குகைக்குள் அந்தப் புகையை நினைத்துப் பாருங்கள். சாக்கடைக் குழிக்குள் இறங்கும் நம் அண்ணன்களைப் பற்றி அறிக்கை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவள் நான். ஒரு மூடிய இடத்தில் மனிதன் மூச்சுவிடுவது பற்றிப் படித்தால் என்னால் வேறெதையும் நினைக்க முடிவதில்லை. வுட் இன்னொன்றும் குறித்திருக்கிறார். அங்குள்ளவர்கள் கல்லை நிறத்துக்கு ஏற்பத் தரம்பிரித்து வைத்திருந்த பெயர்களில் முதலாவது "நீலி".

இது பழங்கதையும் இல்லை. 2016இல் குளோபல் விட்னஸ் அமைப்பு இந்தச் சுரங்கங்களைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. கல் விற்ற காசு ஆயுதக் குழுக்களுக்கும் அரசியல் பெரும்புள்ளிகளுக்கும் போகிறது, மண்ணின் மக்களுக்குச் சேரவில்லை என்பதுதான் அதன் சாரம்.

இப்போது அஜந்தாவுக்குத் திரும்புவோம். 16ஆம் குகையில் கல்வெட்டு இருக்கிறது. ஹரிசேனனின் அமைச்சர் வராகதேவர் அதைத் தானமாகச் செய்ததைச் சொல்கிறது. 26ஆம் குகையில் புத்தபத்திரர் என்ற துறவியின் பெயர் இருக்கிறது. கொடுத்தவர்களின் பெயர் கல்லில் நின்றது. புகைக்குள் கல்லைத் தட்டியவர், கழுதை மீது ஏற்றிக் கணவாய் தாண்டியவர், அம்மியில் அரைத்துக் கழுவி நீலத்தைப் பிரித்தவர், சாரத்தின் மேல் அண்ணாந்து படுத்துக் கூரையில் தீட்டியவர் பெயர்கள் கல்லில் இல்லை. அவர்கள் என்ன சாதி என்று நிறமி சான்றிதழ் தராது. தருகிறது என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் நம்பாதீர்கள். அது தருவது வேறு: இந்த இடத்தில் இவ்வளவு உழைப்பு படிந்திருக்கிறது என்ற சாட்சி.

சில நேரம் அந்தச் சாட்சி ஆளையே காட்டிவிடும். இது பௌத்தத்துக்கு வெளியே உள்ள கதை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்தில் ஒரு பழைய கன்னியர் மடம். அங்கே புதைக்கப்பட்ட, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பு வாழ்ந்த ஒரு பெண்ணின் பல்லில் படிந்த காரையை ஆராய்ந்தபோது நீலத் துகள்கள் கிடைத்தன. லாபிஸ். 2019இல் ஆய்வு வெளியானது. தூரிகையின் நுனியை வாயில் வைத்துக் கூராக்கியிருக்கிறார், அவர் ஓவியம் தீட்டியவர் என்பதுதான் ஆய்வாளர்கள் எட்டிய முடிவு. விலை உயர்ந்த நீலத்தைப் பெண் கையில் கொடுத்திருப்பார்கள் என்று அதுவரை பலர் நினைத்துப் பார்த்ததில்லை. எந்த ஏடும் எழுதிவைக்காத அந்தப் பெண்ணின் தொழிலை அவள் பல் சொன்னது. தங்கையிடம் இதைச் சொன்னபோது வாசிப்பு வட்டமே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தது.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீலம் என்றால் அன்று பணம். பௌத்தத் துறவியின் ஆடை எளிமையானதாக இருக்க வேண்டும் என்பது விநய விதி. புதிய துணி கிடைத்தால் அதை நீலத்தாலோ சேற்றாலோ கருஞ்சாயத்தாலோ கறைப்படுத்தித்தான் உடுத்த வேண்டும் என்றே ஒரு விதி இருக்கிறது. அந்தத் துறவிகள் வாழ்ந்த குகையின் சுவரில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்த கல் மின்னுகிறது. கறைப்படுத்தும் நீலமும் அரசவை நீலமும் ஒரே மதத்துக்குள் இருந்திருக்கின்றன. அமைச்சரும் வணிகரும் கொடுத்த செல்வம் இல்லாமல் பின்னது வந்திருக்காது. நாம் பௌத்தத்தை ஏற்றவர்கள் என்பதால் இதை மூடிமறைக்க வேண்டியதில்லை. அண்ணலே புத்தரின் வாழ்க்கைக் கதையில் தனக்கு ஒப்பாத இடங்களைக் கேள்விகேட்டுத்தான் 'புத்தரும் அவர் தம்மமும்' எழுதினார். அவரது எழுத்துத் தொகுப்பில் பண்டைய இந்திய வணிகம் பற்றிய எழுத்தும் இருக்கிறது. சரக்கு எந்த வழியாக வந்தது, யார் சுமந்தார்கள், யார் லாபம் பார்த்தார்கள் என்று கேட்பது நமக்குப் புதிதல்ல.

பார்ப்பனிய நூல்களில் நீலத்தின் இடம் என்ன என்றும் சிலர் கேட்பீர்கள். மனுதர்மம் பத்தாம் அத்தியாயம் 89ஆம் சுலோகத்தில், பார்ப்பனர் விற்கக்கூடாத சரக்குகளின் பட்டியலில் மதுவோடும் அரக்கோடும் அவுரி நீலமும் வருகிறது. அண்ணல் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் எரித்த நூல் அது. ஆனால் உடனே "அதனால்தான் நீலம் நம் நிறம்" என்று அடுத்த போஸ்டரைத் தயார் செய்துவிடாதீர்கள். அவுரி வேறு, லாபிஸ் வேறு. சொல் ஒன்று என்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

பாமியான் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. 2001 மார்ச்சில் தலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்த இரண்டு புத்தர் சிலைகள்; ஒன்று 55 மீட்டர், இன்னொன்று 38 மீட்டர். நாம் எல்லோரும் அந்தச் சிலைகளை மண் நிறத்தில்தான் பார்த்திருக்கிறோம். சிதறிக் கிடந்த துண்டுகளை மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பூச்சில் இருந்த தாவரப் பொருளின் கார்பனைக் கணக்கிட்டதில் சிறிய சிலை 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, பெரியது 6ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. நிறம்? பளிச்சென்று இருந்திருக்கின்றன அந்தச் சிலைகள். மேலாடை வெளிப்பக்கம் முதலில் இளஞ்சிவப்பு, பிறகு ஆரஞ்சு. உள்பக்கம் கருநீலம். பிற்பாடு பெரியவருக்குச் சிவப்பும் சின்னவருக்கு வெள்ளையும் அடித்திருக்கிறார்கள், உள்மடிப்புக்கு வெளிர்நீலம். அதாவது ஊர்க்காரர்கள் காலத்துக்குக் காலம் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், நாம் சிலைக்குப் பெயின்ட் அடிப்பதுபோல. பாமியானின் குகை ஓவியங்களிலும் லாபிஸ் உண்டு. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த சிலவற்றில் நிறமியை எண்ணெயில் குழைத்திருக்கிறார்கள் என்று 2008இல் வெளியானது. எண்ணெய் ஓவியம் ஐரோப்பாவின் சொத்து என்று படித்தவர்களுக்கு அது ஒரு நல்ல பாடம்.

அந்த ஊரின் மக்கள் ஹசாராக்கள். நெடுங்காலமாக ஒடுக்கப்படுபவர்கள். சிலை தகர்ப்புக்குச் சற்று முன்பு, 2001 ஜனவரியில், அதே மாகாணத்தின் யகாவ்லாங்கில் தலிபான்கள் ஹசாரா ஆண்களைக் கொத்தாகச் சுட்டுக் கொன்றார்கள். சிலையில் வெடிமருந்து வைக்கத் தங்களைப் போன்ற கைதிகளைத்தான் பயன்படுத்தினார்கள் என்று உயிர்தப்பிய ஹசாரா ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கயிற்றில் தொங்கி, உயிருக்குப் பயந்து, தம் ஊரின் அடையாளத்தைத் தாமே உடைக்கவைக்கப்பட்டார்கள். உலகம் சிலைக்காக அழுத அளவுக்கு அந்த மக்களுக்காக அழவில்லை. துண்டுகளில் நீலம் தெரிந்த செய்தியைப் படித்து வியந்தபோது எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தல் இன்னும் ஒன்று. நமக்கு இவ்வளவு தெரிவது எப்படி? சீனாவின் சிஞ்சியாங்கில் குச்சாவுக்கு அருகே கிஸில் குகைகள். லாபிஸை அள்ளி இறைத்த சுவர்கள் அவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பயணக் குழுக்கள் அந்தச் சுவர்களை ரம்பத்தால் அறுத்துப் பெட்டியில் அடைத்து பெர்லினுக்குக் கொண்டுபோயின. அவற்றில் ஒரு பகுதி இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது. 1924இல் அமெரிக்காவின் லாங்டன் வார்னர் துன்ஹுவாங் மொகாவ் குகைகளில் பசை தடவி ஓவியங்களை உரித்து ஹார்வர்டுக்கு எடுத்துப்போனார். அதே ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்தில்தான் 1930களில் கெட்டன்ஸ் என்ற வேதியியலாளர் பாமியான், கிஸில் ஓவியத் துண்டுகளை ஆராய்ந்து, நீலம் லாபிஸ்தான் என்று எழுதினார். நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. சுவர் ஓரிடத்தில், துண்டு ஓரிடத்தில், ஆய்வகம் ஓரிடத்தில். சுவரைக் காத்துவந்த மக்களுக்கு அந்த ஆய்வில் பங்கே இல்லை.

துன்ஹுவாங்கில் எனக்குப் பிடித்த இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே பல முகங்கள் இன்று கறுத்துப் போயிருக்கின்றன. அவற்றை முதலில் கறுப்பாகத் தீட்டவில்லை. ஈயச் செந்தூரம் கலந்த தோல்நிறம் ஈரமும் வெளிச்சமும் பட்டுக் காலப்போக்கில் கறுத்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் லாபிஸ் நீலம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஓவியத்தின் தோல்நிறத்தைப் பார்த்து "இவர் இந்த இனம்" என்று அடித்துப் பேசுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள், எதிர்த்தரப்பிலும் இருக்கிறார்கள். அஜந்தாவில் கரிய உடல்கள் அழகாகவும் கம்பீரமாகவும் தீட்டப்பட்டிருக்கின்றன, அது உண்மை. எது ஓவியர் தீட்டிய கறுப்பு, எது ஈயம் கறுத்த கறுப்பு என்று பிரிக்க வேதியியல் வேண்டும்.

அதே மொகாவ் குகைகளில் 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்த இடங்களில் ஆலை நீலம் கிடைக்கிறது. லாபிஸின் நிறத்தைச் செயற்கையாகச் செய்தால் 6,000 பிராங்க் பரிசு என்று பிரான்ஸில் 1824இல் அறிவித்தார்கள். 1828க்குள் கிமே என்பவர் செய்துகாட்டினார், அதே ஆண்டு ஜெர்மனியில் கிமலின் என்பவரும் செய்முறையை வெளியிட்டார். களிமண், சோடா, கந்தகம், கரி, சூளை. அவ்வளவுதான். அதன் துகள்கள் சீராகவும் உருண்டையாகவும் இருக்கும், கல்லை அரைத்ததில் விளிம்புகள் உடைந்திருக்கும், கால்சைட் கலந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஒரு சுவரில் ஆலை நீலம் இருந்தால் அந்த அடுக்கு 1828க்குப் பிந்தையது என்று சொல்லிவிடலாம். பேரரசர்களின் நிறம் இப்படித்தான் மூட்டையில் வந்தது, துணி வெளுக்கும் நீலமாகச் சந்தைக்கு வந்தது. எங்கள் அம்மா பொங்கலுக்குச் சுண்ணாம்பில் கலக்கிய பொடியும் தங்கை அமிலம் விட்ட பொடியும் அந்த வழியில் வந்தவைதான்.

நம் கொடியின் நீலத்துக்கு ஒரு பிறந்த தேதி இருக்கிறது. 1942இல் அண்ணல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். அதன் தொடர்ச்சியாகக் குடியரசுக் கட்சி, பிறகு நம் இயக்கங்கள். நூறு ஆண்டுகூட ஆகவில்லை. எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. சனாதனம்தான் எதற்கெடுத்தாலும் "ஆதிகாலம் தொட்டு" என்று தொடங்கும். நம் நீலத்தை நாமே, கண்ணுக்குத் தெரிந்த ஆண்டில், ஒரு மாநாட்டில் தேர்ந்தெடுத்தோம். அயோத்திதாசப் பண்டிதர் நம் பௌத்தக் கடந்தகாலத்தைத் தேடியபோது கையில் இருந்தது ஓலைச்சுவடியும் இலக்கியமும். அவர் அதை அக்குவேறு ஆணிவேறாகப் படித்தார். இன்று நம் பிள்ளைகள் கையில் வேதியியல் இருக்கிறது. அதை வைத்து அதே அளவு கவனத்தோடு படிக்கலாமே, படத்தை ஒட்டி ஃபார்வர்டு செய்வதற்கு முன்.

இதையெல்லாம் வாசிப்பு வட்டத்தில் பேசி முடித்த இரண்டாவது வாரம் தங்கை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். உள்ளே நகத்தளவு பெயின்ட் சில்லு. அவள் ஊர்ச் சிலையைப் புதுப்பிக்கச் சுரண்டியபோது கீழே உதிர்ந்தது. "சும்மா குப்பைன்னு தூக்கிப் போட்டாங்க அக்கா, நான் எடுத்து வச்சேன்." அதைப் பிசினில் பதித்து, உப்புத்தாளில் தேய்த்து, கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுத்திருந்தாள். குகை ஓவியங்களில் செய்கிற குறுக்குவெட்டு முறையேதான். இன்றைய எனாமல் பெயின்ட்டில் பெரும்பாலும் இருப்பது தாலோசயனின் என்ற நீலம், செம்பு கலந்தது, லாபிஸோடு எந்த உறவும் இல்லாதது. அடியில் சிமென்ட்டின் சாம்பல் நிறம், அதன் மேல் வெள்ளை, அதன் மேல் நீலத்துக்கு மேல் நீலமாக ஒன்பது கோடுகள். சில தடிமன், சில மெல்லியவை. ஒன்று பச்சை சாய்ந்த மலிவு நீலம், அந்த ஆண்டு வசூல் குறைவாம்.

நான்காவது நீலத்துக்கும் ஐந்தாவது நீலத்துக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு.

படத்தை மொபைலில் ஊர்ப் பெரியவர்களிடம் காட்டியிருக்கிறாள். ஒரு தாத்தா பார்த்தவுடன் சொல்லிவிட்டாராம், "தார் ஊத்துனாங்கல்ல, அது." ராத்திரியோடு ராத்திரியாகத் தாரை ஊற்றிவிட்டுப் போனார்கள், காலையில் மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தார்கள், முழுதாகப் போகவில்லை, அதன் மேலேயே நீலம் அடித்தார்கள். புகார் கொடுத்தும் வழக்கு எதுவும் பதிவாகவில்லை. எந்த ஆண்டு என்பதில்தான் சண்டை. தாத்தா சுனாமிக்கு முந்தின வருடம் என்கிறார். அவர் தங்கச்சி, தன் மகள் பெரியவளான வருடம், அதற்கு ரெண்டு வருடம் முன்பு என்கிறார். கம்பிக் கூண்டு அதற்குப் பிறகுதான் வைத்தார்கள் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு.

தங்கை ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். ஒன்பது அடுக்குக்கும் ஒவ்வொரு பக்கம். எந்த ஆண்டு, யார் அடித்தது, எங்கே வாங்கிய பெயின்ட், எவ்வளவு வசூல். அஞ்சு பக்கம் நிரம்பியிருக்கிறது. முதல் நீலத்தை அடித்தவர் பெயரைக் கண்டுபிடித்துவிட்டாள், அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறாராம். அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கப் போகிறோம்.